ஹியூபேட் அத்தான் விற்ற வைன்

என் அக்கா மெற்றில்டாவைக் கட்டிய ஹியூபேட் அத்தானுக்கு வாயில் நுழையாத வைன் பெயரே கிடையாது. காலிமுகத்திடல் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பது வருசத்துக்கு மேல் வைன் பரிமாறினவர். பிரான்ஸ், இத்தாலி, சிலி, அவுஸ்திரேலியா என்று எந்த நாட்டுப் போத்தலைக் காட்டினாலும், அது இறைச்சிக்கு ஏற்றதா மீனுக்கு ஏற்றதா, எவ்வளவு குளிரில் வைக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். அந்த நாடுகளில் ஒன்றுக்குக்கூட அவர் போனதில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் ஞானஸ்நானம் வாங்கி, கொட்டாஞ்சேனையிலேயே பெண்ணும் கட்டினவர். ஆனால் வெள்ளைச் சட்டையும் கறுப்பு அரைக்கோட்டும் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் நடந்து வந்தாரென்றால், ஏதோ தூதரகத்தில் வேலை பார்க்கிறவர் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவருக்கும் அந்த நினைப்புக் கொஞ்சம் உண்டு.

நான் தெக்லா. அவர்களுக்குப் பக்கத்து வீடு. கல்யாணம் கட்டாதவள், ஆகவே ஒழுங்கையில் எல்லார் வீட்டுக் கதையும் என் வீட்டுக் கதைதான்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் நத்தாருக்குக் கேக் அடிக்கிற மாதிரித்தான் வைனும் போடுவார்கள். ஒக்டோபர் வந்தால் யாழ்ப்பாணத்துத் திராட்சையை மலிவாகப் பார்த்து வாங்கி, கழுவித் துடைத்து, கையால் நசித்து, பழத்துக்குச் சமமாகச் சீனியைக் கொட்டி, ஈஸ்டும் சேர்த்து, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி மூலையில் வைத்துவிட வேண்டியதுதான். சீனி போடாத வைனை எங்களில் யாரும் கண்டதில்லை, அப்படியொன்று இருக்கும் என்று நினைத்ததுமில்லை. அக்கா போடும் வைனுக்கு ஒழுங்கை முழுக்க ஆள் இருந்தது. ஒரே ஒருவர்தான் அதை வாயில் வைக்கமாட்டார்.

"இது வைன் இல்ல மெற்றில்டா, பாணி. இருமலுக்குக் குடிக்கலாம்" என்பார் அத்தான்.

அக்கா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. நத்தார் அன்றுகூட அவர் ஹோட்டலில்தான், யார் யாருடைய கிளாஸையோ நிரப்பிக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது நானும் அக்காவும்.

கொரோனாக் காலத்தில் ஹோட்டலை மூடினார்கள். வயதானவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பின்னால் நாடு கடனைக் கட்ட முடியாமல் வங்குரோத்தான வருசம் வந்தது. அந்த ஆடி மாதம் அக்காவுக்கு ஒரு காலை நேரம் கை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் த்ரீவீலர் இருந்தது, அதற்குள் பெற்றோல் இல்லை. பெற்றோல் இருக்கிற ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது. இதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத முடியாது.

அடக்கம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, குசினி அலுமாரிக்குள் முந்தின நத்தார் வைன் ஒரு போத்தல் மிஞ்சிக் கிடந்ததை அத்தான் கண்டெடுத்தார். அவ்வளவு வருசமும் தொடாத மனுஷன் அன்றைக்கு ஒரு கிளாஸில் ஊற்றிக் குடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தெக்லா, இது நல்லா இருக்கே. இத ஏன் நான் குடிக்காம விட்டனான்?"

"நீங்க பெரிய ஹோட்டல்காரர் எல்லே, அத்தான்" என்றேன். சொன்னதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அவர் மேசையில் தலையை வைத்து, குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

அடுத்த மாதம்தான் ராகுலன் வந்தது. வெள்ளவத்தையில் இருக்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பம், சைவ ஆட்கள். அவுஸ்திரேலியாவில் வைன் செய்யப் படித்துவிட்டு, அங்கேயே இருக்காமல் திரும்பி வந்த பிள்ளை. அப்போது டொலர் இல்லாமல் வெளிநாட்டு வைன் வருவது குறைந்து, வந்ததும் யானை விலை. இதுதான் சமயம் என்று நினைத்து, யாழ்ப்பாணத்தில் திராட்சை வாங்கி, வத்தளைக்கு அங்கால் ஒரு கொட்டகை எடுத்து, லைசென்ஸுக்கு அலைந்து, சொந்தமாக வைன் செய்யத் தொடங்கியிருந்தான். ஹோட்டல்களில் கதவைத் திறக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி அத்தானைத் தேடி வந்தான்.

அவன் கொண்டுவந்த போத்தலை அத்தான் ஹோட்டல் முறைப்படியே திறந்தார். கிளாஸைச் சுழற்றினார், மணந்தார், ஒரு வாய் எடுத்தார். அதோடு முகம் மாறிவிட்டது.

"என்ன அங்கிள், சரியில்லையா?" என்று ராகுலன் பயந்துபோய்க் கேட்டான்.

"இது மெற்றில்டாட கை" என்றார் அத்தான். அந்தப் பிள்ளைக்கு மெற்றில்டா யாரென்றே தெரியாது. நான்தான் விளங்கப்படுத்தினேன். அன்றைக்கே வேலையை ஏற்றுக்கொண்டார், சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

ஒருமுறை ராகுலனோடு யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறிப் போய்த் தோட்டங்களையும் பார்த்துவிட்டு வந்தார். வந்து ஒரு கிழமை அதே கதைதான். ஆள் உயரத்துக்குக் கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டு, அதன்மேல் கொடி படர்ந்து கிடக்குமாம். இலையெல்லாம் உரித்துக் கொப்பை வெட்டிவிட்டால் மறுபடி தளிர்த்துக் காய்க்குமாம். வெளிநாட்டில் வருசத்துக்கு ஒரு தரம்தான், எங்கள் மண்ணில் அதற்கு மேலும் எடுக்கலாம் என்று பெருமையாகச் சொன்னார். பழம் எப்படி என்று கேட்டேன். புளிப்பு என்றார்.

அதற்கும் காரணம் இருந்தது. இரத்தினம்மா என்று ஒரு தோட்டக்கார மனுஷி, பழத்தில் நிறம் பிடித்த உடனேயே வெட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு நின்றாளாம். இன்னும் இரண்டு கிழமை கொடியில் விட்டால் பழத்துக்கு இனிப்பு ஏறும், வைனுக்கு அதுதான் வேணும் என்று ராகுலன் கெஞ்சியிருக்கிறான்.

"நீர் சொல்லுவீர் தம்பி. மழை வந்து பழம் வெடிச்சால் ஆர் பொறுப்பு? வௌவால் வந்தால் நீரே இரவு முழுக்க முழிச்சிருக்கப் போறீர்?" என்று கேட்டாளாம். அவள் கேட்டதும் நியாயம்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் ராகுலன் தலையைக் குனிந்துகொண்டு, "அதாலதான் அங்கிள், நான் சீனி போட வேண்டிக் கிடக்கு. இல்லாட்டில் வைன் கெடாமல் நிண்டு பிடிக்காது" என்றிருக்கிறான். படித்த பிள்ளைக்கு அது வெட்கமாக இருந்திருக்கிறது.

"சீனி போடாம என்னண்டு தம்பி வைன் வாறது? எங்கட வீட்டில பழம் ஒரு இறாத்தலெண்டா சீனியும் ஒரு இறாத்தல்" என்று அத்தான் அவன் முதுகில் தட்டினாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆனால் விற்பது லேசாக இல்லை. வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரைக்கும் காலி வீதியில் அவர் ஏறாத படி இல்லை. வைன் ஸ்டோர்ஸ் என்று பெரிய எழுத்தில் போர்ட் போட்ட கடைக்குப் போனால் உள்ளே சாராயமும் பியரும்தான் இருக்கும். வைனை எங்கே வைப்பது என்று கடைக்காரர் அவரையே கேட்பார். ஹோட்டல் மனேஜர்மார், அத்தானிடம் வேலை பழகின பொடியன்கள்தான், "யாழ்ப்பாணத்தில வைனா அண்ணே? கள்ளெண்டால் நம்பலாம்" என்று சிரித்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதிசயத்துக்கு ஒரு வாய் குடித்துவிட்டுச் சிலியில் வந்ததைத்தான் கேட்டார்கள். போத்தலும் மூடியும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரியும் கட்ட வேண்டும், கடைசியில் விலையைப் பார்த்தால் நம் ஆட்களும் பின்வாங்கினார்கள். இந்த முயற்சி தலையெடுக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். அத்தானிடம் சொல்லவில்லை. காலையில் எழும்பிச் சவரம் செய்துகொண்டு வெளிக்கிட அவருக்கு ஒரு காரணம் இருந்ததே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் எங்கள் கோயிலுக்குப் புதிதாக பாதர் ஒஸ்வால்ட் வந்தார். மன்னார்ப் பக்கத்து ஆள், சின்ன வயது. பூசையில் ஆண்டவரின் இரத்தமாக ஒப்புக்கொடுக்க வாங்குகிற வெளிநாட்டு வைன் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது என்று ஒரு ஞாயிறு அவர் கவலைப்பட்டதை அத்தான் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று மாலையே போத்தலோடு பாதர் இருக்கிற பங்குமனைக்குப் போய்விட்டார். நானும் கூடப் போனேன்.

"பாதர், எங்கட மண்ணில விளைஞ்ச பழம்" என்றார்.

"சுத்தமான திராட்சைதானே அங்கிள்? வேற பழம், தண்ணி, கலர் ஒண்டும் சேர்க்க இல்லையே?"

"சத்தியமா இல்ல பாதர்."

அவர் பொய் சொல்லவில்லை. வேறு பழமும் தண்ணீரும் கலரும் அதில் இல்லைத்தான். சீனியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று பாதருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் விற்கிற வைனிலும் சீனி போடுவார்கள் என்று அவர் அறியார். சீனியைச் சொல்ல வேண்டும் என்று அத்தானுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் சீனி இல்லாமல் வைன் இருக்கும் என்று அவர் அறியார். முப்பது வருசம் போத்தல் திறந்தவருக்குப் போத்தலுக்குள் அது எப்படி வந்தது என்று தெரியாமல் போனது அநியாயம்தான். எனக்கும் தெரியாது, பிறகு நான் யாரைக் குறை சொல்வது.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்திலிருந்து அந்த வைன்தான் பீடத்தில். அக்காவின் வருடப் பூசையும் அதில்தான் நடந்தது. அத்தான் முன்வரிசையில் முழந்தாளிட்டு இருந்தார். வெளியே வரும்போது என் காதில், "மெற்றில்டா ஊத்தித் தந்தத நான் குடிக்க இல்ல தெக்லா. நான் கொண்டந்தத ஆண்டவர் தள்ள இல்ல" என்றார். வேறு கோயில்களிலும் விசாரிக்கத் தொடங்கினார்கள். ராகுலன் கொம்பனி இனித் தப்பிவிடும் என்று எங்களுக்கு இனிப்புக் கொண்டுவந்து தந்தான்.

கோயில் திருநாள் முடிந்த அடுத்த நாள், பங்குமனையில் நான் பற்றீஸ் பரிமாறிக்கொண்டு நின்றேன். பாதர் அத்தானைப் பார்த்து, "உங்கட வைன் நல்ல இனிப்பு அங்கிள்" என்றார், பாராட்டாகத்தான்.

"இனிக்காம என்ன செய்யும் பாதர்? மூட்டை மூட்டையா சீனி எல்லே போடுறம்" என்றார் அத்தான்.

பாதர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். எத்தனை மூட்டை, எப்போது போடுவது, எல்லாப் போத்தலிலுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தான் உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனார். பாதரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் குரல் இறங்கியது.

பூசைக்கு வைக்கிற வைன் திராட்சைப் பழத்தின் சொந்தச் சாறாகவே இருக்க வேண்டும், வெளியிலிருந்து இவ்வளவு சீனி போட்டது பூசைக்கு உதவுமா என்பதே சந்தேகம் என்று பாதர் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப பாதர்… அதில வச்ச பூசையெல்லாம்?"

"கடவுள் எங்களப் போல இல்ல அங்கிள். அவருக்கு எல்லாம் விளங்கும். ஆனா என்ட மனச்சாட்சிக்கு நான் செய்ய வேண்டியதச் செய்யத்தான் வேணும். செத்தவங்களுக்காக ஒப்புக்கொடுத்த பூசைகள நான் ஒவ்வொண்டா மறுபடி வைக்கிறன். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லித்தந்தது இதுதான்: செத்தவர்கள் உடனே மோட்சத்துக்குப் போய்விடுவதில்லை, உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்து நிற்பார்கள், நாங்கள் ஒப்புக்கொடுக்கிற பூசைதான் அவர்களை அங்கிருந்து நகர்த்தும். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் நினைக்கிறார்கள் என்று கேட்கலாம். கொட்டாஞ்சேனையில் நினைக்கிறார்கள்.

பாதர் ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம் என்று சொன்னதை அவர் கேட்கவில்லை. தானே போய், பூசை ஒப்புக்கொடுத்த ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய முழங்கால் நோவுக்குத் தனியே விட முடியாது என்று நானும் போனேன். பெரும்பாலும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒருவர், "என்ட அப்பாவுக்கு இனிப்பெண்டால் உயிர், விடுங்கோ" என்றுகூடச் சொன்னார். அத்தானும் கொஞ்சம் தேறி வந்தார். அப்படித்தான் பிறிஜித்தாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவளுடைய மகன் துறைமுகத்தில் பாரம் விழுந்து செத்தவன். ஒரே பிள்ளை.

அத்தான் சொல்லி முடிக்கும்வரை அவள் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். திட்டவில்லை. சத்தம் போடவில்லை.

"அப்ப என்ட பிள்ளை இவ்வளவு நாளும் எங்க நிண்டவன், ஹியூபேட்?" என்று கேட்டாள்.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த ஒழுங்கையிலேயே அவர் குந்தி உட்கார்ந்துவிட்டார். நான் அவரைத் தூக்கி நிறுத்துவதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலை பாதரிடம் போனார். முதல் பூசையை மெற்றில்டா அன்ரிக்கு வைப்போம் என்று பாதர் ஏற்கெனவே யோசித்திருந்தார்.

"இல்ல பாதர். முதல் பிறிஜித்தாட மகனுக்கு. பிறகு மற்ற எல்லாருக்கும். மெற்றில்டாவுக்குக் கடைசியா வையுங்கோ" என்றார் அத்தான்.

அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு காலையும் அவர் போய்ப் பின்வரிசையில் இருந்து, தனக்கு முகம்கூடத் தெரியாத மனிதர்களுக்காக மன்றாடினார். சவரம் செய்வதை விட்டுவிட்டார். மற்றக் கோயில்கள் வைனைத் திருப்பி அனுப்பின. ராகுலன் ஒருநாள் வந்து, "என்னட்ட ஆராவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பனே அங்கிள்" என்று கண்கலங்கினான். அவன்மேல் யாருக்கும் கோபமில்லை. கொட்டகையை விட்டுவிட்டு, கொஞ்ச நாள் திராட்சை ஜூஸ் போட்டு விற்றுப் பார்த்தான். பிறகு மெல்பனுக்கே போய்விட்டான்.

பழைய பெயர்களெல்லாம் முடிந்து அக்காவின் முறை வந்தபோது, ஜிந்துப்பிட்டிப் பக்கம் எங்கள் கோயிலைச் சேர்ந்த ஒரு கிழவர் செத்துப்போனார். "புதுசா போனவர் பயந்துபோய் நிப்பார் பாதர், அவருக்கு முதல் வையுங்கோ" என்றார் அத்தான். அதற்கடுத்து வேறொருவர். அதற்கடுத்து இன்னொருவர். சாகிறவர்களுக்கு ஊரில் என்ன குறை? பாதர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பூசைக்குப் பூசை இடைஞ்சல் இல்லை என்றார். அத்தான் அசையவில்லை. தன்னால் காத்து நின்றவர்களுக்கும் புதிதாகப் போனவர்களுக்கும் பிறகுதான் தன் பெண்சாதி என்பது அவருடைய பிடிவாதம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"என்ட அக்காவ எத்தின நாளைக்கு இப்பிடி வரிசையில நிப்பாட்டி வைக்கப் போறீங்க?"

"அவ கோவிக்கமாட்டா தெக்லா. அவ காத்து நிப்பா."

"காத்து நிண்டது காணும் அத்தான்! கட்டின நாளிலயிருந்து அவ வேற என்ன செய்தவ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. "ஓம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளும் வேறு யாருக்கோதான் பூசை.

போன மாரியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்கு இந்த முறை சுணக்கமில்லாமல் கொண்டுபோனோம். அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. பிறிஜித்தா அடக்கத்துக்கு வந்து, பெட்டியின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றாள்.

அடக்கம் நடந்து ஒரு கிழமை முடிந்து பாதர் ஒஸ்வால்ட் வீட்டுக்கு வந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தொப்பியைத் திருப்பித் திருப்பிக்கொண்டு இருந்தார்.

"தெக்லா அன்ரி, அங்கிள் வச்ச ஒழுங்குப்படி பார்த்தா, புதுசா போனவருக்குத்தான் முதல். அங்கிளுக்கு முதல் வைச்சிட்டு, பிறகு மெற்றில்டா அன்ரிக்கு வைப்பமா? இல்லாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்தே…"

"இல்ல பாதர்" என்றேன். "சேர்த்தும் வேண்டாம். முதல் அக்காவுக்கு. அவர் அடுத்த நாள் வரட்டும். ஒரு நாளாவது அவர் நிண்டு பாக்கட்டும்."

பாதர் என்னைப் பார்த்தார். பிறகு சரியென்று தலையாட்டினார்.

புதன்கிழமை காலை. மழை. கோயிலில் நாலைந்து பேர்தான். பீடத்தில் நின்று பாதர் அக்காவின் பெயரைச் சொன்னார். நான் நினைத்ததைச் சாதித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. சரி அக்கா, இனிப் போ, திரும்பிப் பாராமல் போ என்று மனதுக்குள் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என் அக்காவை எனக்குத் தெரியாதா? அத்தானின் பூசை அடுத்த நாள் காலையில்தான். அதுவரைக்கும் அவள் அந்த இடத்தை விட்டு ஓர் அடி நகர்ந்திருக்க மாட்டாள்.